ஒரு கால் எலும்பு எவ்வளவு சொல்லும்?

கேள்வி இதுதான்: "சைலாப்டெரஸ் என்று ஒரு பறவை தென் அமெரிக்காவில் இருந்ததாம். பறக்காதாம், ஐந்து கிலோதானாம், வேட்டையாடித் தின்னுமாம். அதில் ஒரு சிற்றினத்துக்கு உடைந்த கால் எலும்பு ஒன்றைத் தவிர வேறெதுவும் பெரிதாகக் கிடைக்கவில்லை என்று படித்தேன். அதை வைத்துக்கொண்டு குடும்பம், பேரினம், சாப்பாடு வரை சொல்வது வெறும் ஊகம்தானே? போதாததற்குப் பெயரையும் வகைப்பாட்டையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்."

ஒரே கேள்வி மாதிரி தெரிந்தாலும் இதற்குள் நான்கு இருக்கின்றன. இந்தப் பறவை யாருக்கு உறவு? பறந்ததா, இல்லையா? எதைத் தின்றது? பக்கத்தில் கிடைத்த இன்னொன்றிலிருந்து இது தனிச் சிற்றினமா? ஒவ்வொன்றுக்கும் சாட்சி சொல்லும் எலும்பு வேறு. உடைந்த கால் எலும்பு முதல் கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்லும். மூன்றாவதற்கு ஏறக்குறைய வாயே திறக்காது. செய்தி எழுதுகிறவர்கள் நான்கையும் ஒரே வாக்கியத்தில் ஒரே உறுதியோடு எழுதிவிடுவதால், படிப்பவருக்கு ஒன்று எல்லாமே உண்மை என்று தோன்றுகிறது, இல்லாவிட்டால் எல்லாமே கதை என்று தோன்றுகிறது.

என் பயிற்சி இன்றைய பறவைகளின் எலும்பியலில். அருங்காட்சியக இழுப்பறைகளில் பெயரில்லாமல் கிடக்கும் எலும்புகளுக்கு அடையாளம் கண்டு சீட்டு எழுதுவது பல ஆண்டுகளாக என் வேலை. தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியான பத்தகோனியாவின் புதைபடிவங்களை வார்ப்புகளாகவும் வெளியான படங்களாகவும் மட்டுமே பார்த்திருக்கிறேன். பாறைகளின் வயது என் துறை அல்ல. அதில் பிறர் அளந்து சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கால் எலும்பு. பறவையின் காலில் செதில் மூடி, மெலிந்து நிற்கும் பகுதியை முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் அது பாதம். கணுக்காலின் சில எலும்புகளும் பாதத்தின் மூன்று நீள எலும்புகளும் ஒன்றாக இணைந்து உருவான ஒற்றை எலும்பு; டார்சோமெட்டாடார்சஸ் என்று பெயர். கெட்டியானது, எளிதில் நொறுங்காது, அதனால் புதைபடிவங்களில் அடிக்கடி கிடைக்கும். இதன் கீழ்முனையில் விரல்கள் பொருந்த மூன்று உருளைகள் இருக்கும். எது நீளம், எது பின்னால் வளைந்திருக்கிறது, நடு உருளை பக்கத்து உருளைகளைவிட எவ்வளவு முன்னே நிற்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கிளிக்கு வெளிவிரல் பின்னோக்கித் திரும்பியிருப்பதால் அதன் உருளையும் திரும்பியிருக்கும். ஆந்தைக்கு மேல்முனையின் முன்பக்கத்தில் தசைநாண் நுழைந்து போக ஒரு குட்டி எலும்புப் பாலமே இருக்கும். மேல்முனையின் பின்பக்கம் இன்னும் முக்கியம். விரல்களை மடக்கும் தசைநாண்கள் அங்கே ஒரு புடைப்பைக் கடந்துதான் கீழே இறங்குகின்றன. சில பறவைகளில் அந்தப் புடைப்பில் மூடிய குழாய்கள் இருக்கும், சிலவற்றில் வெறும் பள்ளங்கள், சிலவற்றில் இரண்டும் கலந்து இருக்கும். சைலாப்டெரஸ் சேர்ந்திருக்கும், பயங்கரப் பறவைகள் என்று அழைக்கப்படும் ஃபோருஸ்ராசிடே குடும்பத்தில் குழாயும் இல்லை, கூர் முகடுகளும் இல்லை. செங்கல் மாதிரி ஒரு கட்டி மட்டும். பழகிய கை அந்த இடத்தைத் தடவிப் பார்த்தே கூட்டத்தைச் சொல்லிவிடும். இதை ஊகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேல்முனை இல்லாமல் கீழ்முனை மட்டும் கிடைத்தால் என் குரல் உடனே இறங்கிவிடும்.

அனுபவத்தை மட்டும் நம்பி யாரும் நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பண்புகளை நூற்றுக்கணக்கில் அட்டவணையாக்கி, ஒவ்வொரு பறவைக்கும் எது இருக்கிறது, எது இல்லை, எது தெரியவில்லை என்று நிரப்பி, எந்தக் கிளைவழி மரம் குறைந்த மாற்றங்களோடு இவற்றை விளக்குகிறது என்று கணினியில் தேடுகிறார்கள். ஒரே ஒரு கால் எலும்பு கிடைத்த சிற்றினத்தின் வரிசையில் பெரும்பாலான கட்டங்கள் கேள்விக்குறியாகவே நிற்கும். அது மரத்தில் அங்குமிங்கும் தாவும். குடும்பத்துக்குள் இருக்கிறது என்பது நிலைக்கும்; குடும்பத்துக்குள் எந்தக் கிளை என்பதுதான் ஆட்டம் காணும். நீங்கள் படித்தது அநேகமாக சைலாப்டெரஸ் அஃபினிஸ் பற்றியதாக இருக்கும். 1899-இல் அர்ஜென்டினாவின் புதைபடிவ ஆய்வாளர் ஃப்ளோரென்டினோ அமெகினோ பெயர் வைத்தது, மயோசீனுக்கு முந்திய ஒலிகோசீன் காலத்தது, அடிப்படை ஒரு முழுமையற்ற டார்சோமெட்டாடார்சஸ். அதைப் பயங்கரப் பறவைக் குடும்பத்தில் வைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. சைலாப்டெரஸ் என்ற பேரினத்தில் வைப்பதை, வேறு நல்ல இடம் கிடைக்கும் வரையான ஏற்பாடு என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

அதற்காகப் பேரினமே அந்தரத்தில் தொங்குகிறது என்று எண்ண வேண்டாம். அதன் மற்றொரு சிற்றினமான சைலாப்டெரஸ் லெமொய்னெய், அர்ஜென்டினாவின் சாந்தா குரூஸ் பாறைகளிலிருந்து மண்டையோடு உட்பட நல்ல எலும்புகளோடு கிடைத்திருக்கிறது. மயோசீன் காலம், சுமார் 1.7 கோடி ஆண்டுகளுக்கு முன். 2011-இல் டெக்ராஞ்ச், தம்புஸ்ஸி என்ற இரு ஆய்வாளர்கள் அதை மீண்டும் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். ஆக, பேரினத்தின் அடித்தளம் கெட்டியானது. ஓரத்தில் ஒட்டியிருக்கும் சில உறுப்பினர்கள்தான் தளர்வாக இருக்கிறார்கள். அழிந்துபோன பேரினங்கள் பலவற்றிலும் நிலைமை இதுதான்.

இப்போது பெயர் மாற்றம். இதில் மூன்று விதம் உண்டு, மூன்றையும் ஒன்றாகப் போட்டுத் திட்டக் கூடாது. ஒன்று, உண்மையான தவறு. இந்தக் குடும்பத்துக்கே பெயர் கொடுத்த ஃபோருஸ்ராகோஸ் என்ற பெரும் பறவையை 1887-இல் அமெகினோ ஒரு தாடைத் துண்டை வைத்து, பல்லில்லாத ஏதோ பாலூட்டி என்று எழுதினார். சில ஆண்டுகளில் கூடுதல் எலும்புகள் வந்ததும் பறவை என்று திருத்திக்கொண்டார். இரண்டாவது, ஒரே பறவைக்குப் பல பெயர். 1891-இல் லா பிளாட்டா அருங்காட்சியகத்தின் மொரேனோவும் மெர்செராவும் ஒரு பக்கம், அமெகினோ மறுபக்கம் என்று போட்டி போட்டுக்கொண்டு பத்தகோனிய எலும்புகளுக்குப் பெயர் சூட்டினார்கள். மொரேனோவுக்கும் அமெகினோவுக்கும் ஏற்கெனவே பகை. ஒரு பறவையின் தாடைக்கு ஒரு பெயர், காலுக்கு இன்னொரு பெயர் என்று ஆகிவிட்டது. அந்தக் குவியலை அல்வரெங்காவும் ஹோஃப்லிங்கும் 2003-இல் ஒரு பெரிய மறுஆய்வில் ஒழுங்குபடுத்தினார்கள். முதலில் வைத்த செல்லுபடியான பெயருக்கே முன்னுரிமை என்பது விதி, மற்றவை இணைப்பெயர்களாகிவிடும். இந்த மாற்றங்களில் பறவையைப் பற்றிய அறிவு மாறவில்லை, கணக்குப் புத்தகம்தான் சரியானது.

மூன்றாவது விதத்தைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பயங்கரப் பறவைகளுக்கு இன்று உயிரோடு இருக்கும் நெருங்கிய உறவு சீரியமா. தென் அமெரிக்காவில் இரண்டு சிற்றினங்கள் இருக்கின்றன. நீண்ட கால்களோடு புல்வெளியில் ஓடித் திரிபவை, அவசியம் வந்தால்தான் பறக்கும். இந்த உறவை எலும்புகளை வைத்தே வெகு நாளாகச் சொல்லி வந்தார்கள். ஆனால் சீரியமாவையே கொக்குகளோடும் கானாங்கோழிகளோடும் சேர்த்து வைத்திருந்தார்கள். 2008-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று சீரியமாவைத் தூக்கி வல்லூறுகள், கிளிகள், குருவியினங்கள் இருக்கும் பக்கத்தில் வைத்தது. பின்னால் வந்த முழு மரபணுத்தொகுதி ஆய்வுகளும் அதையே உறுதி செய்தன. சீரியமா போன இடத்துக்குச் சைலாப்டெரஸும் போயிற்று. 2003-இன் ஆய்வில் ஒரு வகைப்பாட்டு வரிசையிலும் இப்போது வேறு வரிசையிலும் அதைப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். புதைபடிவத்தைத் தவறாகப் படித்ததால் வந்த மாற்றம் அல்ல இது. இரண்டுக்கும் இடையே சொன்ன உறவு அப்படியே இருக்கிறது.

அடுத்து, பறக்குமா என்ற கேள்வி. கால் எலும்பு இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாது. மார்பெலும்பில் பறக்கும் தசைகள் ஒட்டும் முகடு எவ்வளவு உயரம், தோளில் உள்ள கொரகாய்ட் எலும்பின் வடிவம், சிறகெலும்புகளின் நீளத்துக்கும் கால் எலும்புகளின் நீளத்துக்கும் உள்ள விகிதம் ஆகியவை வேண்டும். இவை கிடைத்தால் பறக்காத பறவையை அடையாளம் காண்பது கடினம் இல்லை. நடுவில் நிற்கிறவைதான் சிக்கல்: தத்தித் தாவிச் சில அடி எழும்புமா, மரத்தில் ஏறுமா என்றெல்லாம் எலும்பு சொல்லாது. எடையைப் பொறுத்தவரை, தொடையெலும்பின் மெலிந்த இடத்துச் சுற்றளவை அளந்து இன்றைய பறவைகளிலிருந்து பெற்ற சமன்பாட்டில் போடுகிறார்கள். சைலாப்டெரஸின் சிறிய சிற்றினத்துக்குச் சொல்லப்படும் ஐந்து கிலோவும் ஒரு மதிப்பீடுதான். அதை நான்கிலிருந்து ஏழுக்குள் என்று மனதில் வைத்துக்கொண்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். உயரம் 70 முதல் 100 சென்டிமீட்டர் வரை என்பது பேரினம் முழுமைக்கும் சொல்லும் கணக்கு.

இதில் ஒரு கண்ணி உண்டு. பறக்காமை உறவைக் காட்டும் பண்பு அல்ல. இந்தியப் பெருங்கடலில் உள்ள அல்டாப்ரா பவளத்தீவில் ஒரு கானாங்கோழி இனம் பறந்து வந்து குடியேறி, பறக்கும் திறனை இழந்தது. சுமார் 1,36,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறித் தீவு மூழ்கியது. அந்தப் பறவைகளும் அழிந்தன. கடல் இறங்கிய பிறகு அதே மூல இனம் மறுபடி வந்து குடியேறி மறுபடியும் பறக்காத பறவையாக மாறிற்று. இரண்டு கட்டத்து எலும்புகளையும் ஒப்பிட்டு 2019-இல் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு எளிதாக, இவ்வளவு வேகமாக நடக்கிற ஒன்றை வைத்து "இரண்டும் பறக்காதவை, ஆகவே சொந்தம்" என்று சொன்னால் ஏமாந்து போவோம். நியூசிலாந்தின் ஆப்டோர்னிஸ் என்ற பறக்காத பறவையை 1840-களில் ரிச்சர்ட் ஓவன், அங்கே வாழ்ந்து அழிந்த பறக்காத பெரும் பறவையான மோவாவின் சிறிய வகை என்றே முதலில் வகைப்படுத்தினார். அதன் எலும்புகள் வயதில் இளையவை என்பதால் மரபணு எடுக்க முடிந்தது. 2019-இல் அது கானாங்கோழிகளின் பக்கத்துச் சிறு குடும்பம் ஒன்றுக்கு நெருக்கமானது என்று தெரிந்தது. மயோசீன் எலும்புகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கோடி ஆண்டுகளைத் தாண்டி மரபணு தாங்காது.

மிச்சம் இருப்பது உணவு. நான்கில் மிகப் பலவீனமான கண்ணி இதுதான் என்பது என் எண்ணம், ஆனால் செய்தித் தலைப்புகளில் முதலில் வருவதும் இதுவே. கொக்கி மூக்கு, வளைந்த நகம், ஓட வல்ல கால் என்று மூன்றும் சேர்ந்தால் கொன்றுண்ணி என்று எழுதிவிடுகிறார்கள். கொக்கி மூக்கு கிளிக்கும் இருக்கிறது. இந்தக் குடும்பத்தின் பெரிய பறவைகளைப் பற்றிச் சற்றுத் தைரியமாகப் பேசலாம். ஆண்டல்கலோர்னிஸின் மண்டையோட்டை ஸ்கேன் செய்து 2010-இல் செய்த ஆய்வில், மூக்கு நுனியில் சுமார் 133 நியூட்டன் கடிவிசை என்று கணக்கு வந்தது. மண்டையோடு மேலிருந்து கீழான அழுத்தத்தை நன்கு தாங்கும், பக்கவாட்டு உலுக்கலைத் தாங்காது என்றும் தெரிந்தது. அதாவது பிடித்து உதறுவதைவிடக் கொத்தி இழுப்பது அதற்கு உகந்தது. சைலாப்டெரஸின் மண்டையோடு அந்த அளவு இறுகியது அல்ல. 2021-இல் டெக்ராஞ்ச் இக்குடும்பத்து மண்டையோடுகளை இரண்டு வடிவங்களாகப் பிரித்தபோது சைலாப்டெரஸ் வகை தனியாகவும் பழைய அமைப்புக்கு நெருக்கமாகவும் நின்றது. எனவே பெரிய பறவையின் வேட்டை முறையை அப்படியே சின்னதாக்கி இதற்கு ஒட்டக் கூடாது. சீரியமா ஓணான், பாம்பு, பூச்சி எல்லாம் பிடிக்கும். பிடித்ததை அலகில் கவ்வித் தரையில் ஓங்கி அடிக்கும். சைலாப்டெரஸும் அது போலச் சிறு உயிர்களைப் பிடித்திருக்கும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அதற்கு மேல் எழுதுவது ஓவியரின் வேலை.

நான் ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்பதற்கு ஸ்ட்ரிகோஜிப்ஸின் கதை போதும். பிரான்சின் கெர்சி பாஸ்பேட் படிவுகளில் கிடைத்த எலும்புகளுக்கு கையார் என்பவர் 1908-இல் இந்தப் பெயரை வைத்தார். ஆந்தை என்று நினைத்தார். அவர் பின்னால் அதே பேரினத்தில் சேர்த்த சிறிய சிற்றினத்தை 1981-இல் மூரே-ஷோவிரே தனியே பிரித்து, அமெகினோர்னிஸ் என்று புதுப் பெயர் கொடுத்து, ஐரோப்பாவில் பயங்கரப் பறவைகள் இருந்ததற்கு முதல் சான்று என்றார். பெரிய செய்தி அது. 1987-இல் ஜெர்மனியின் மெஸ்ஸல் களிப்பாறையில், 4.7 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுள்ள ஒரு எலும்புக்கூட்டைப் பீட்டர்ஸ் விவரித்தபோது அதையும் அதே குடும்பத்தில் வைத்தார். சிறிய உருவம், குட்டைச் சிறகு, பறக்காத கொன்றுண்ணி. கேள்வி கேட்டவர் சொல்லும் படத்துக்கு அச்சு அசல். 2005-இல் கெரால்ட் மையர் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மெஸ்ஸல் பறவையும் பிரெஞ்சு எலும்புகளும் ஒரே பேரினம், ஸ்ட்ரிகோஜிப்ஸ்தான், ஆனால் பயங்கரப் பறவைக் குடும்பம் அல்ல என்று காட்டினார். 2011-இல் மெஸ்ஸல் பறவை ஒன்றின் உணவுப்பாதை இருந்த இடத்தில் தாவரத் திசுக்கள் செல் செல்லாகப் பாதுகாக்கப்பட்டிருந்ததைக் கண்டார்கள். கொன்றுண்ணி என்று எழுதப்பட்ட பறவையின் வயிற்றில் கீரை! எலும்பின் வடிவத்திலிருந்து உறவைச் சொன்னது ஓரளவு திருத்தத்தோடு தப்பியது. உறவிலிருந்து உணவைச் சொன்னதுதான் அடிபட்டது.

எலும்பின் வேதியியல் இதில் கொஞ்சம் கைகொடுக்கும். நைட்ரஜன் ஐசோடோப்பு விகிதத்தைப் பார்த்தால் உணவுச் சங்கிலியில் எந்தப் படியில் இருந்தது என்று தெரியும். ஆப்டோர்னிஸுக்கு அது கொன்றுண்ணிப் பக்கம் சாய்ந்தது. ஆனால் அதற்கு எலும்புப் புரதம் எஞ்சியிருக்க வேண்டும், பழைய படிவங்களில் அது எஞ்சுவதில்லை.

உருகுவேயில் கிடைத்த பிந்தைய ப்ளைஸ்டோசீன் எலும்புகளைப் பற்றியும் அதே கேள்வியின் கீழ் ஒருவர் கேட்டிருந்தார்: அப்படியானால் சைலாப்டெரஸ் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் வரை வாழ்ந்ததா என்று. அங்கே 2010-இல் ஒரு டார்சோமெட்டாடார்சஸின் கீழ்முனையை விவரித்தார்கள். குடும்பம் வரை சொல்லி, சிற்றினப் பெயர் வைக்காமல் விட்டார்கள். 2018-இல் வந்த இன்னொரு கட்டுரையில் சுமார் 96,000 ஆண்டு வயதுள்ள துண்டு ஒன்றை சைலாப்டெரஸோடு ஒப்பிட்டார்கள். ஒப்பிடுவது வேறு, அதுதான் என்று சொல்வது வேறு. ஆய்வுக்கட்டுரைகளில் அந்த வித்தியாசத்துக்கென்றே தனிக் குறியீடு உண்டு. செய்தியாக மாறும்போது முதலில் உதிர்வது அந்தக் குறியீடுதான். சிறிய உருவத்தில் ஒரு பயங்கரப் பறவை அவ்வளவு பிந்திய காலம் வரை இருந்திருக்கலாம் என்பதை நான் நம்புகிறேன். மயோசீன் பேரினமே இடையில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கடந்து அப்படியே வந்து சேர்ந்தது என்பதற்கு அந்தத் துண்டுகள் போதாது.

கடைசியாகத் தனிச் சிற்றினமா என்ற கேள்வி. சாந்தா குரூஸ் பாறைகளிலேயே இரண்டு சைலாப்டெரஸ் சிற்றினங்களைப் பிரித்திருக்கிறார்கள்: சற்றுப் பெரிய லெமொய்னெய், சிறிய, மெலிந்த பாக்மான்னி. பிரிப்பதில் அளவுக்குப் பெரிய பங்கு உண்டு. பறவை எலும்பில் அளவு வித்தியாசம் மூன்று காரணங்களால் வரலாம்: வேறு சிற்றினம், வேறு வயது, வேறு பால். வயதைக் கழிப்பது சுலபம். குஞ்சின் டார்சோமெட்டாடார்சஸில் மூன்று எலும்புகளும் முழுசாக இணைந்திருக்காது. முனைகள் நுரை மாதிரி துளைகளோடு இருக்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். கையில் எடுத்ததும் தெரியும். பால் வேறுபாடுதான் பாடாய்ப் படுத்தும். இன்றைய கொன்றுண்ணிப் பறவைகள் பலவற்றில் பெட்டை ஆணைவிடக் கணிசமாகப் பெரியது. நிறைய எலும்புகள் இருந்து அளவுகள் இரண்டு குவியலாகப் பிரிந்தாலும், அந்தக் குவியல்கள் சிற்றினங்களா பாலா என்பதை அளவு மட்டும் சொல்லாது. உருளைகளின் வடிவம், தசை ஒட்டிய தழும்புகளின் இடம் போன்ற அளவு சாராத வித்தியாசங்கள் துணைக்கு வர வேண்டும். பாக்மான்னி விஷயத்தில் இரண்டு சிற்றினம் என்பதையே நானும் ஏற்கிறேன், ஆனால் குடும்பத்தைச் சொல்லும்போது இருக்கிற அதே அழுத்தத்தோடு அல்ல.

இதைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. முட்டையிடும் பருவத்தில் பெட்டைப் பறவையின் எலும்புக் குழிக்குள், முட்டை ஓட்டுக்கான கால்சியத்தைச் சேமிக்கத் தற்காலிகமாக ஒரு தனி எலும்புத் திசு வளரும். புதைபடிவத்தை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் அது தெரியும். சிறிய எலும்புகளில் அந்தத் திசு அகப்பட்டால், சிறியவை எல்லாம் ஆண்கள் என்ற வாதம் அங்கேயே விழும். அகப்படாவிட்டால் எதுவும் நிரூபணமாகாது. அந்தப் பறவை முட்டையிடாத மாதத்தில் செத்திருக்கலாம். அதோடு, வெட்டினால் எலும்பு போய்விடும். கையில் ஐந்தாறு மட்டுமே இருக்கும்போது வெட்ட அனுமதி கேட்டுக் காப்பாளர் முன் போய் நிற்பது லேசான காரியம் இல்லை. சிற்றினத்துக்குப் பெயர் வைக்க அடிப்படையான வகை மாதிரியாக இருந்தால் சொல்லவே வேண்டாம். இப்போது துல்லியமான சிடி ஸ்கேன்கள் வந்துவிட்டதால் வெட்டாமலே குழிக்குள் எட்டிப் பார்க்க ஓரளவு முடிகிறது. பழைய சேகரிப்புகளில் படுத்திருக்கும் சாந்தா குரூஸ் கால் எலும்புகளை அப்படி வரிசையாகப் பார்த்தால் முதலில் ஆட்டம் காண்பதோ உறுதியாவதோ பாக்மான்னிதான்.